முயலுக்கு ஆள் தேவை

யாரும் ஜெயிக்கக் கூடாது என்று விதி வைத்தால் அந்த ஓட்டத்தில் யார் ஓட வருவார்கள்? வருகிறார்கள். உலகத்தின் பல ஊர்களில் வாராவாரம் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். 'ஹேஷ் ஓட்டம்' என்று பெயர். பெயரைக் கேட்டுப் புருவத்தை உயர்த்த வேண்டாம், அந்த போதை வஸ்துவுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கோலாலம்பூர் செலாங்கூர் கிளப்பின் துணைக் கட்டடத்தில் கிடைத்த அலுப்பான சாப்பாட்டைப் பார்த்து, அங்கே சாப்பிட்ட பிரிட்டிஷ் பிரம்மச்சாரிகள் வைத்த கேலிப் பெயர் 'ஹேஷ் ஹவுஸ்'. ஹேஷ் என்றால் மிச்சம் மீதியைக் கொத்திப் போட்டுக் கிளறிய பண்டம்.

1938-ல் கிஸ்பர்ட் என்ற கணக்காளரும் அவருடைய சிநேகிதர்களும் திங்கட்கிழமை சாயங்காலங்களில் ஓட ஆரம்பித்தார்கள். வாரக் கடைசியில் குடித்ததையெல்லாம் வேர்வையாக வெளியேற்றிவிட்டு மறுபடி குடிப்பதற்காக! இதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. 1950-ல் சங்கத்தைப் பதிவு செய்தபோது எழுதிக் கொடுத்த நோக்கங்கள் நாலு. உறுப்பினர்களின் உடம்பைத் தேற்றுவது, வாரக் கடைசி தலைவலியைப் போக்குவது, நல்ல தாகத்தை வரவழைத்து அதை பியரால் தணிப்பது, வயசானவர்களுக்கு நீங்கள் நினைக்கிற அளவுக்கு ஒன்றும் கிழமாகிவிடவில்லை என்று எடுத்துச் சொல்வது. சர்க்கார் பதிவேட்டில் இத்தனை யோக்கியமாக எழுதிக் கொடுத்த சங்கம் வேறு உண்டா, தெரியவில்லை.

கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சண்டையில் செத்துப் போனார். அவர் ஆரம்பித்து வைத்த விளையாட்டு சாகவில்லை. 1962-ல் சிங்கப்பூருக்குப் போய், பிறகு ஊர் ஊராகக் கிளை விட்டது. கல்யாணமாகாத ஆண்கள் ஆரம்பித்த சமாசாரத்தில் பிற்பாடு பெண்டாட்டி, பிள்ளைகள், பாட்டி, நாய், தள்ளுவண்டிக் குழந்தை எல்லாம் சேர்ந்துகொண்டதுதான் 'குடும்ப ஹேஷ்'. பியர் இருந்த இடத்தில் சிரப்பும் சர்பத்தும். என் கவனமெல்லாம் இந்தக் குடும்ப ஹேஷ் மேல்தான். அதுவும், அதில் தடம் வைக்கிற ஆளின் மேல்.

ஆட்டம் சுலபம். ஒருவர் 'முயல்'. மற்றவர்கள் வேட்டை நாய்கள். முயல் முன்கூட்டியே போய், வழி நெடுக மாவால் பொட்டு வைத்துவிட்டு வரும். பின்னால் வருகிற கூட்டம் பொட்டைத் தேடிக்கொண்டே ஓடும். கிடைத்தால், 'ஆன் ஆன்!' என்று கத்தும். (மாவு, புள்ளி என்றதும் நமக்கு வாசல் கோலம் ஞாபகம் வரும். எறும்புக்கும் அப்படியே. சூடான ஊர்களில் காலையில் வைத்த பொட்டை மத்தியானத்துக்குள் எறும்பு தின்றுவிடுகிறது என்று முயல்கள் புலம்புவதுண்டு.) மலேசியக் காடுகளில் இன்னமும் காகிதத் துண்டுதான். மழை பெய்தால் மாவு கஞ்சியாகிவிடும்.

நடுவில் ஓரிடத்தில் பொட்டு நின்றுவிடும். அங்கே மாவால் ஒரு வட்டம். 'செக்' என்பார்கள். பாதை அங்கிருந்து எந்தப் பக்கமும் போயிருக்கலாம், நீயே தேடிக்கோ என்று அர்த்தம். ஒரு பக்கம் ரெண்டு மூணு பொட்டு வரும், அப்புறம் ஒரு கோடு. போச்சு, பொய்த் தடம், திரும்பி வா. இந்த வட்டமும் பொய்த் தடமும்தான் ஹேஷின் உயிர். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பழைய நாவலைப் புரட்டவேண்டியிருக்கிறது.

தாமஸ் ஹியூஸ் 1857-ல் எழுதிய 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்'. ரக்பி பள்ளிக்கூடத்துக் கதை. அதில் ஓர் அத்தியாயத்தில் 'முயலும் வேட்டை நாய்களும்' விளையாட்டு வருகிறது. ஹேஷுக்கு இதுதான் தாத்தா. பையன்கள் பழைய பேப்பரையும் காப்பி நோட்டையும் கிழித்துப் பைகளில் நிரப்புகிறார்கள். ரெண்டு பேர் முயலாகி அதைத் தூவிக்கொண்டு ஓட, மற்றவர்கள் துரத்துகிறார்கள். ஒன்பது மைலுக்குக் குறையாத ஓட்டம். முயல்கள் வந்து சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் வந்தால்தான் கணக்கில் சேர்த்தி.

டாம், அவன் சிநேகிதன் ஈஸ்ட், 'தலைப்பிரட்டை' என்று பட்டப்பெயர் வைத்த இன்னொரு பையன், மூணு பேரும் பொடியன்கள். மூச்சு முட்ட ஓடியும் பின்தங்கிவிடுகிறார்கள். தடம் தொலைந்து போகிறது. சேறு, இருட்டு. கடைசியில் அந்தப் பக்கம் வந்த கோச் வண்டியில் தொற்றிக்கொண்டு லேட்டாகப் பள்ளிக்கூடம் வந்து சேருகிறார்கள். தலைமையாசிரியர் முன்னால் போய் நிற்கிறார்கள். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்பாக விசாரித்துவிட்டு, இத்தனை நீள ஓட்டத்துக்கு உங்களுக்கெல்லாம் வயசு போதாது என்கிற தீர்ப்போடு அனுப்பிவிடுகிறார்.

ஹியூஸ் இந்த அத்தியாயத்தை உற்சாகமாக எழுதியிருக்கிறார். விழுந்து எழுந்து விடாமல் ஓடுவதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்கிற தொனி. எனக்கு இந்த இடத்தில்தான் உறுத்தல். பொடியன்களுக்கு வயசு போதாது என்கிறார்களே தவிர, பொடியன்களும் ஓடுகிற ஆட்டத்துக்கு இப்படியா தடம் வைப்பது என்று அந்த நாவலில் ஒருத்தரும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் கேட்கவில்லை, பெரிய பையன்கள் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. தோற்றவன் மேல்தான் தப்பு.

கோலாலம்பூர் பிரம்மச்சாரிகளும் இதே மாதிரிப் பள்ளிக்கூட மரபில் வளர்ந்த ஜாதிதான். ஆனால் ஹேஷ் கொண்டுவந்த மாற்றத்தைக் கவனியுங்கள். பழைய ஆட்டத்தில் பொய்த் தடம் எதற்கு? முயல் தப்பிக்க. ஹேஷில் பொய்த் தடம் எதற்கு? முன்னால் ஓடுகிறவன் அலைந்து திரிந்து வருவதற்குள் பின்னால் வருகிற தொப்பைக்காரர் வட்டத்துக்கு வந்து சேர. ஒரே தந்திரம், நோக்கம் தலைகீழ். வேகமாக ஓடுகிறவனுக்குப் பரிசு கிடையாது, அபராதம்தான். அவன் கூடுதலாக ரெண்டு கிலோமீட்டர் ஓடுவான். சில கிளப்புகளில் இன்னொரு குறியும் உண்டு. மாவால் ஒரு தூண்டில் முள், பக்கத்தில் ஒரு நம்பர். ஐந்து என்று போட்டிருந்தால், முதலில் வந்த ஐந்து பேரும் திரும்பிப் போய்க் கடைசியில் வருகிற ஆளைத் தொட்டுவிட்டுத்தான் மேலே ஓடலாம். முதல் ஆளைக் கடைசி ஆளிடம் அனுப்பி வைக்கிற விதி வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

அதனால் குடும்ப ஹேஷுக்குத் தடம் வைப்பது லேசான வேலை, சின்னப் பிள்ளைகள்தானே, அரை மணி நேரத்தில் பார்க்கைச் சுற்றிப் பொட்டு வைத்துவிடலாம் என்று நினைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கணக்குப் போடலாம், வாருங்கள். தடம் நாலு கிலோமீட்டர். ஏழு வயசுக் குழந்தை அம்மாவோடு நடந்து வந்தால் மணிக்கு நாலு கிலோமீட்டர். ஒரு மணி நேரம். அப்பா மணிக்குப் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர். இருபத்துநாலு நிமிஷம். ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் வந்து சேர வேண்டும் என்றால் அப்பாவை முப்பத்தாறு நிமிஷம் எங்கேயாவது தொலைக்க வேண்டும். அதாவது பொய்த் தடங்களில் அவரை ஆறு கிலோமீட்டர் ஓடவிட வேண்டும். அதுவும் அவருக்குச் சலிப்புத் தட்டாமல், நடந்து வருகிறவர்கள் வெயிலில் காத்து நிற்காமல், யாரும் பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்காமல், இருட்டுவதற்கு முன்னால். ஒரே கதையை ரெண்டு விதமான வாசகர்களுக்கு ஒரே நேரத்தில் சொல்கிற வேலை. சினிமா டைரக்டர்களே திணறுகிற விஷயம்.

கோலாலம்பூரை ஒட்டிய ஓர் ஊரில் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு தடங்களில் நடந்து பார்த்தேன். சினிமாவுக்கு எழுதுகிற மாதிரியே விமர்சனம் எழுதிவிடுகிறேன்.

முதல் தடம், ஒரு இளைஞர் வைத்தது. நல்ல ஓட்டக்காரர், மாரத்தான் பனியன். எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குள் புகுந்து, ஓடையில் இறங்கி, செம்மண் மேட்டில் ஏறி, எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. வட்டங்கள் மூணே மூணு. அவையும் எங்கே? ஓடுகிறவர்கள் பத்து செகண்டில் பதிலைக் கண்டுபிடிக்கிற திறந்த வெளியில். ஆகவே முன்னால் போனவர்கள் போயே போனார்கள். நடுவில் ஒரு கூட்டம். பின்னால் தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடை தாண்டுகிற இளம் தம்பதி. அதற்கும் பின்னால் நான். பொட்டு வைக்கிற இடைவெளி ஓடுகிறவன் கண்ணுக்குச் சரியாக இருந்தது, குழந்தையின் உயரத்துக்குப் புல் மறைத்தது. ஒரு பையன் நடுவழியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். ஆறரை மணி, மேகம் வேறு கட்டுகிறது. "கொஞ்சம் நீளமா போச்சு, ஆனா சீனரி சூப்பர்ல?" என்றார் முயல். தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்பார்களே, இங்கே முயலே அப்படிச் சொல்கிறது. எனக்கு ரக்பியும் தலைப்பிரட்டையும்தான் ஞாபகம் வந்தது.

ரெண்டாவது தடம், ரிட்டயரான ஒரு டீச்சரம்மா வைத்தது. மூணரை கிலோமீட்டர்தான் இருக்கும். குடியிருப்புப் பகுதி, ஒரு வாய்க்கால் ஓரம், சின்ன மேடு. சீனரி என்று பிரமாதமாக ஒன்றுமில்லை. ஆனால் வட்டங்களை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? ஒவ்வொன்றும் நிழலில். உட்காரத் திண்டோ வேரோ இருக்கிற இடத்தில். முதல் வட்டத்திலிருந்து ஒரு பொய்த் தடம் படிக்கட்டு ஏறி மேட்டு உச்சிக்குப் போனது. வீராதி வீரர்களெல்லாம் 'ஆன் ஆன்' என்று கத்திக்கொண்டு மேலே ஏறினார்கள். உச்சியில் கோடு. திரும்பி இறங்கி வந்தபோது பாட்டிகள் வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

நிஜப் பாதை எங்கே என்றால், பஸ் ஸ்டாப்புக்குப் பின்புறம், குப்பைத் தொட்டியை ஒட்டி, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சுவரில் ஒரு பொட்டு. பெரியவர்கள் யார் கண்ணிலும் படாது. பட்டது ஒரு ஆறு வயசுப் பெண்ணுக்கு. "அங்கிள், இங்க இருக்கு! அங்கிள், இங்க பாருங்க!" என்று அவள் குதித்த குதிப்பு இருக்கிறதே! முப்பது பேர் அவள் பின்னால் ஓடினார்கள். அவளுடைய அப்பாவும், மேட்டு உச்சிக்குப் போய் மூச்சிரைக்க வந்தவர், அவள் பின்னால்தான். கடைசி ஆள் வந்து சேர்ந்ததற்கும் முதல் ஆள் வந்ததற்கும் வித்தியாசம் ஐந்து நிமிஷம் இருந்தால் அதிகம்.

அந்தப் பொட்டை அங்கே வைப்பதற்கு டீச்சரம்மா முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அறுபது வயசுக்கு மேலே.

* * *

இப்போது பிரச்னைக்கு வருகிறேன். இந்த ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

ஒவ்வொரு ஹேஷ் கிளப்பிலும் ஒரு பட்டியல் உண்டு. எந்தத் தேதிக்கு யார் முயல் என்று. அதை நிரப்புவதற்கென்றே கமிட்டியில் ஒருவர். பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் வந்தால் கூட்டத்தில் நடக்கிற மாற்றம் பார்க்கத் தகுந்தது. பாதிப் பேருக்கு ஷூ லேஸ் அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டுவார்கள். இன்னும் சிலருக்கு ஃபோன் வரும். "அடுத்த மாசம் கண்டிப்பா பண்றேன்" என்கிற வாக்கியத்துக்குத் தேய்மானமே கிடையாது. கடைசியில் வழக்கமான நாலு குடும்பங்களின் பெயர்களே திரும்பத் திரும்ப. நாலில் ஒன்று ஊர் மாற்றிப் போய்விட்டால் கட்டம் காலி. காலிக் கட்டம் ரெண்டு மாசம் தொடர்ந்தால் கிளப் காலி. பெரியவர்கள் ஹேஷாவது பியரின் பேரில் பிழைத்துக்கொள்ளும். குடும்ப ஹேஷுக்கு அந்த ஊன்றுகோலும் இல்லை. தடம் இல்லையென்றால் பிள்ளைகள் டி.வி. முன்னால்.

ஜனங்கள் சோம்பேறிகள், பொறுப்பில்லாதவர்கள் என்று கமிட்டிக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். பாதி நிஜம். முன்னால் ஒரு நாள் போய் வழி பார்க்க வேண்டும். அன்றைக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பொட்டு வைக்க வேண்டும். தனியார் இடமானால் அனுமதி. வழியில் தண்ணீர், மிட்டாய் வைக்கிற இடம். கடைசி ஆளுக்குப் பின்னால் துணைக்கு ஒருவர். நாய் கட்டவிழ்த்துக் கிடக்கிற வீடு எது, கேட் பூட்டுகிற நேரம் எது, இதெல்லாம் விசாரித்து வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு. சம்பளம் கிடையாது.

ஆனால் மீதிப் பாதிக்கு கிளப்புகள்தான் பொறுப்பு என்பது என் கட்சி. ஓட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக நிற்பது ஹேஷ் சம்பிரதாயம். முயலை நடுவில் நிறுத்தி, இவ்வளவு கேவலமான தடத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கூச்சல் போட்டு, ஒரே மடக்கில் குடிக்க வைப்பார்கள். பழகினவர்களுக்கு இது தமாஷ். முதல் தடவை தடம் வைத்துவிட்டு, யாராவது தொலைந்துபோவார்களோ என்று வயிற்றைப் பிசைந்துகொண்டு நிற்கிற ஒரு அம்மாவுக்கு இது தமாஷா? கையில் சர்பத் கொடுத்தாலும் கேலி கேலிதான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இன்னும் பத்து பேர், நமக்கு வேண்டாம்பா என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுகிறார்கள். ஷூ லேஸ் அவிழ்வது அப்புறம்தான்.

கேலியால் இன்னொரு நஷ்டம். நல்ல தடத்துக்கும் மட்டமான தடத்துக்கும் ஒரே கூச்சல். மாரத்தான் பனியனுக்கும் அதேதான், டீச்சரம்மாவுக்கும் அதேதான். ரெண்டாவது வட்டம் நல்ல இடம், மூணாவது வெயிலில் போட்டுட்டீங்க, வாய்க்கால் ஓரம் பொட்டு நெருக்கமா இருந்திருக்கணும் என்று சொல்கிற ஆளே இல்லை. விமர்சனமே கிடையாது, நக்கல் மட்டும்தான். மாரத்தான் பனியன் அடுத்த தடவையும் எட்டு கிலோமீட்டர் வைப்பார். யாரும் அவரிடம் அந்தப் பையன் அழுததைச் சொல்லவில்லையே.

அப்புறம் பட்டியலில் இருக்கிற பெயர்கள். 'இந்த வார முயல்' என்று ஒரு ஆண் பெயர் இருக்கும். மாவு வாங்கினது, சலித்துப் பையில் போட்டது, மிட்டாய் எண்ணினது, கடைசி ஆளோடு கூட நடந்து வந்தது யார்? கேட்டால் மனைவி சிரிப்பார். ரெண்டு பேரையும் எழுதுங்களேன், மையா தீர்ந்துவிடும்?

மாவு என்றதும் ஒன்று. வெள்ளைப் பொடியை ரோட்டில் தூவிக்கொண்டு போகிற ஆளை எல்லா ஊரும் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்தில் ரெண்டு பேர் ஹேஷுக்காகப் பொட்டு வைக்க, விஷப் பொடியோ என்று பயந்து கடையையே காலி பண்ணிவிட்டார்கள். 2001-ல் கடிதங்களில் ஆந்த்ராக்ஸ் வந்த தேசம், பயந்ததைக் குறை சொல்ல முடியாது. பொட்டு வைத்தவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். ஆகவே முயல் முன்கூட்டியே நாலு பேரிடம் சொல்லி வைப்பது நல்லது. வாட்ச்மேன், கடைக்காரர், பக்கத்து போலீஸ் ஸ்டேஷன். இதுவும் அந்த வேலையில் சேர்த்தி.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஹேஷின் பழைய கதைகளில் கோலாலம்பூரைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் அடிக்கடி வரும். மரங்களுக்கு நடுவே நிரை நிரையாக ஓடுகிற ஒற்றையடிப் பாதைகள். ஓடுவதற்கு லட்சணமான பாதைகள் என்று சிலாகிப்பார்கள். அந்தப் பாதைகளைக் காலால் தேய்த்தது யார்? விடிவதற்கு முன்னால் எழுந்து விளக்கோடு பால் மரம் சீவப் போன நம் ஜனங்கள்தான் பெரும்பாலும். வேலை பகலோடு முடிந்துவிடும். சாயங்காலம் துரைமார்கள் ஓட வரும்போது பாதை காலியாக இருக்கும். ஹேஷ் சரித்திரத்தில் முயல்களின் பெயர்கள் இருக்கின்றன, பாதை போட்டவர்களின் பெயர்கள் கிடையாது. அந்தத் தோட்டக்காரர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றைக்குத் தங்கள் பிள்ளைகளோடு குடும்ப ஹேஷில் ஓடுகிறார்கள். தடம் வைக்கக் கூப்பிட்டால் "நமக்கெல்லாம் அதெல்லாம் தெரியாதுங்க" என்று பின்வாங்குகிறவர்களில் இவர்களும் உண்டு.

தெரியாதது ஒன்றுமில்லை. புதுசாக வருகிறவரைப் பழைய முயல் ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுவது நிறைய கிளப்புகளில் வழக்கம்தான். பழையவர் வழி சொல்ல, புதியவர் மாவுப் பையைச் சுமக்கலாம். ரெண்டாம் தடவை பை கை மாறும். பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். டீச்சரம்மாவிடம் யார் உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"பேரன்தான். முதல்ல அவன்கூடப் போயி வெச்சேன். நான் வெச்ச பொட்டு ஒண்ணுகூட அவன் கண்ணுக்குத் தெரியல. 'ஆச்சி, கீழ வைங்க, கீழ வைங்க'ன்னுட்டே வந்தான்."

அடுத்த மாசப் பட்டியலை அங்கேயே ஒரு மர மேஜையில் விரித்து வைத்திருந்தார்கள். நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுக்கு டீச்சரம்மா பெயர். ஒன்றில் மாரத்தான் பனியன், அதன் பக்கத்தில் யாரோ பென்சிலால் 'நாலு கி.மீ.!' என்று எழுதியிருந்தார்கள். மற்ற ரெண்டும் காலி. ஆரஞ்சு உரித்த பாட்டிகளில் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.